இரண்டு லைன்

மாத்திரை வந்தபின் கை அடங்கியது.
காணாத கம்பியைத் தொட்டதுபோல்
ஒன்றரை வருசம் அதிர்ந்த கை.
என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம்,
செங்கோட்டை மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்,
சட்டைப் பொத்தானைத் தானே போட்டார்.
நான் முப்பிடாதி கோவிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு பஸ் ஏற ஆரம்பித்தார்.
புளியரை தாண்டி, மலை ஏறி,
ஆரியங்காவில் இறங்கி லாட்டரிச் சீட்டு.
முதலில் ஒன்று.
அப்புறம் ஒரு நம்பருக்கு முன்னும் பின்னும் பத்து.
அரிசி டின்னில் சீட்டு, மழைக்கோட்டுப் பையில் சீட்டு,
மகள் பேரில் போட்ட ஆர்.டி. மொத்தமும் சீட்டு.

ஒரு தடவை ஐயாயிரம் விழுந்தது.
நான் அடுக்களைக்குப் போய்ச் சர்க்கரை எடுத்து வருவதற்குள்
மனுசர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்.
அந்தச் சர்க்கரையை நானே தின்றேன்.

"பிடிச்சிருக்கா இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.
நெடுநேரம் யோசித்தார்.
"பிடிக்கல. ஆனா வேணும்."

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி,
டோக்கன் நூற்றி நாற்பத்தொன்று.
டாக்டர் பெனாசிர், மேலப்பாளையத்துப் பிள்ளை,
நான் வாய் திறக்கும் முன்னே கேட்டாள்:
"சூதாட்டம், சாமான் வாங்குறது, எதும் கூடியிருக்கா?"
நாலு மாசமாக நான் மூடிவைத்த வார்த்தை
அவள் படிவத்தில் முன்னமே அச்சாகிக் கிடந்தது.

மூளையில் 'வேண்டும்' ஒரு வழியில் ஓடுமாம்,
'பிடிக்கும்' வேறு வழியில்.
டோபமைனுக்கு முதல் வழியில்தான் வேலை அதிகம்.
கையை நிறுத்தப் போன மாத்திரை
சிலருக்கு அங்கேயும் போய்த் தட்டும்.
நான் முழித்தேன். அவர்தான் நிமிர்ந்தார்.

"அப்போ ரெண்டும் ஒரே ஃபீடர் இல்லையா, டாக்டரம்மா?
ஒண்ணுல கரண்ட் வந்தா
மத்ததும் எரியும்னுல்லா
ஆயுசு பூரா நெனச்சிட்டிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை.
மாத்திரை அளவைக் குறைத்து எழுதினாள்.

நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு.
அந்த மாதங்களில் அவருக்கு நானும் வேண்டியிருந்தது.
எனக்கு ஐம்பத்தொன்று. பட்டப்பகலில், கதவைச் சாத்தி.
அதுவும் மாத்திரைதானா?
மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது,
கழற்றிப் பூட்டும்படி, நாலு நிறத்தில்.
அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.
ஆலங்குளம் தாண்டியும் பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை.
காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

இப்போது கை மறுபடி அதிர்கிறது.
கடன் இன்னும் எழுபதாயிரம் நிற்கிறது.
ஆனி பிறந்து சாரல் விழுகிறது, மூன்று நாளாக.
கேரளா பஸ் ஹாரன் அடித்துப் போனது,
அவர் திரும்பவில்லை.
டீ பாதி தம்ளரில், பாதி முழங்கையில்.
ஒரு வாய் குடித்தார்.
"இஞ்சி தட்டிப் போட்டியா?"
"ம்."
"நல்லாருக்கு."
இன்னொரு தம்ளர் கேட்கவில்லை.
அந்த ஒரு வாயிலேயே கொஞ்ச நேரம் இருந்தார்.

சாயங்காலம் ஆமினா வந்தாள், மீட்டர்பெட்டி இரைகிறதென்று.
அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்க்ரூ திருகினேன்.
"லூசு காண்டாக்ட்," என்றார்,
பழைய சிநேகிதனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

ராத்திரி ஊரெங்கும் கரண்ட் இல்லை.
கட்டில் சட்டத்தில் அவர் கை
டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.
வேண்டித் தட்டுகிறதா, சும்மா தட்டுகிறதா,
அதற்கே தெரியாது.
பிடித்துக்கொண்டேன்.
எனக்குள் எந்த லைன் என்று
நான் பார்க்கப் போகவில்லை.